கோபுரத்துப் படிகள்

“இந்தக் கோபுரத்துல எத்தனை படி இருக்கு அக்கா?” என்று கேட்டான் மொட்டைத் தலைக்காரன்.

“இருபத்திரண்டு.”

“பத்தாதே. இன்னும் செங்குத்தா, கைப்பிடி இல்லாம, பார்த்தாலே தலை சுத்துற மாதிரி ஏதாவது காட்டுங்க.”

எனக்குச் சுருக்கென்றது. கேட்டவனுக்குப் பக்கத்திலேயே அவன் சிநேகிதன் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். தாடிக்காரன், முப்பது வயது இருக்கும். அவனை வைத்துக்கொண்டா படியைப் பற்றி இவ்வளவு பேச்சு?

நான் நடத்துவது மேசை விளையாட்டுக் கடை. மாயாஜாலக் கதை விளையாட்டு ஆடுகிற கும்பல்தான் என் வாடிக்கை. ஒருத்தர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாக அதற்குள் புகுந்து, பகடை உருட்டி, பேயோடும் பிசாசோடும் மல்லுக்கட்டுவார்கள். வீரன் என்பது கட்டைவிரல் உயரப் பொம்மை. அது நடமாடக் கோட்டை, குகை, பாலம் எல்லாம் துண்டு துண்டாக விற்கிறேன். எல்லாத் துண்டுக்கும் ஒரே அளவுக் கட்டம், ஓரத்தில் காந்தம். எதை எதோடு வேண்டுமானாலும் ஒட்டலாம்.

இவர்கள் மூன்று பேரும் கடைக்குள் வந்தபோது நான் பின்னறையில் பெட்டி பிரித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பார்த்தால் அலமாரி முன்னால் ஒரே ஆர்ப்பாட்டம். ஆர்ப்பாட்டம் முழுக்க மொட்டையுடையது, அவன்தான் கதை நடத்துகிறவன். கூட வந்த நெட்டைக்கு வாயே கிடையாது.

“ஞாயித்துக்கிழமை கடைசி ஆட்டம் அக்கா. மூணு வருஷக் கதை அன்னிக்கு முடியுது. கோபுர உச்சியில சூனியக்காரன் உட்கார்ந்திருக்கான். இவன் ஏறிப் போய்ப் பிடிக்கலைன்னா எங்க எல்லார் கதையும் காலி,” என்று தாடியின் தோளில் தட்டினான் மொட்டை.

“தம்பி, தரைமட்டக் கோட்டை ஒண்ணு புதுசா வந்திருக்கு. அருமையா இருக்கும், பாக்குறீங்களா?”

“தரைமட்டமா? அதுல என்ன அக்கா த்ரில்லு?”

“அப்ப குகை?”

“ஐயோ, வேணாம். ஏணி இருக்கா? கயித்துப் பாலம்? நடுவுல ரெண்டு படி உடைஞ்சு போன துண்டு?”

கொழுப்பைப் பாருங்களேன்! தாடியோ ஒவ்வொரு துண்டாகக் கையில் எடுப்பதும், திருப்பிப் பார்ப்பதும், வைப்பதுமாக இருந்தான். சிநேகிதர்கள் முன்னால் அந்தப் பிள்ளை பாவம் என்னத்தைச் சொல்லும்? எனக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

கோபுரத்தின் ஒரு பக்கச் சுவரை மொட்டை கழற்றினான். “இது வேணாம்டா. நீ உட்கார்ந்திருக்கிற இடத்துல இருந்து படி முழுசாத் தெரியணும்.”

அது வேறயா!

கடைசியில் ஏழு அடுக்குக் கோபுரம் ஒன்று முடிவானது. படித் துண்டுகளுக்கு மட்டும் தனிப்பெட்டி. பெட்டியில் போட்டுக் கொண்டுவருகிறேன் என்று பின்னறைக்குப் போனேன்.

போனவளுக்குப் பொறுக்கவில்லை. படிகளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அதே அளவில் சரிவுப்பாதைத் துண்டுகளைப் பெட்டிக்குள் அடுக்கினேன். ஒரு மேடு பள்ளம் இல்லாமல் வழவழவென்று மேலே போகும். விலை கொஞ்சம் கூடத்தான், போகட்டும். ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறக்கும்போது மொட்டை முகத்தில் ஈயாடாது. என் நல்ல மனசை நானே மெச்சிக்கொண்டு பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தேன்.

தாடி அங்கேயே திறந்துவிட்டான்.

“அக்கா, பெட்டி மாறிப் போச்சு.”

“மாறலை தம்பி,” என்று குனிந்து அவன் காதோரம் சொன்னேன். “வேணும்னுதான் வச்சேன். நீங்க வாய் திறந்து சொல்ல மாட்டீங்க, எனக்குப் புரியாதா? இவங்களுக்குத்தான் ஈவு இரக்கம் இல்ல.”

“யாருக்கு, மொட்டைக்கா?” சிரித்தே விட்டான். “படி கேட்டதே நான்தான் அக்கா. என் வீரன் மலை ஏறுறவன். மூணு வருஷமா இந்தக் கோபுரத்துக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்.”

“இல்ல தம்பி, நான் என்ன நினைச்சேன்னா...”

“வெளியில எங்க போனாலும், படி வந்துட்டா, ‘நீ இங்கயே இருப்பா, நாங்க மேல போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றோம்’பாங்க. எங்க ஆட்ட மேசையில மட்டும்தான் அவங்க எல்லாரும் கீழ நிப்பாங்க, நான் மேல போய்ப் பார்த்துட்டு வந்து சொல்வேன்.” இப்போது அவன் சிரிக்கவில்லை. “அதை எடுத்துடாதீங்க அக்கா.”

முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. உள்ளே ஓடிப் படிகளை எடுத்துவந்து நானே அடுக்கிக் கொடுத்தேன். அப்படியும் மனசு ஆறவில்லை. ஒரே ஒரு சரிவுத் துண்டை அவன் கையில் திணித்தேன்.

“மன்னிச்சுக்கோங்க தம்பி. இதை என் ஞாபகமா வச்சுக்கோங்க, காசு வேணாம்.”

வழியனுப்ப நானும் கூடவே போனேன். வாசலில் நெட்டை நாற்காலியைப் பின்பக்கம் பிடித்தான். மொட்டை முன்னால் இறங்கிக் குனிந்தான்.

“பிடிச்சிட்டியா? மெதுவா... மெதுவாடா...”

நாற்காலி அந்தரத்தில் ஆடிக்கொண்டே கீழே இறங்கியது. மொட்டையின் கழுத்து நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டு நின்றது. தாடி இரண்டு கையாலும் நாற்காலியை இறுக்கிப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

பதினாறு வருஷமாகக் கடை நடத்துகிறேன். என் வாசலில் எத்தனை படி என்று அன்றைக்குத்தான் எண்ணினேன். ஐந்து.

தரைக்கு வந்ததும் தாடி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, அந்தச் சரிவுத் துண்டை என் உள்ளங்கையில் வைத்தான்.

“கோபுரத்துல படியே இருக்கட்டும் அக்கா. இது உங்க வாசலுக்கு.”