சனிக்கிழமை சாக்ஸபோன்

"சத்தம் ஹால் வரைக்கும் கேக்கணும் டீச்சர். நடுவுல நின்னுச்சுன்னா நான் உள்ளே வந்துடுவேன்."

கிடங்கு மேற்பார்வையாளர் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார். சாக்ஸபோன் டீச்சர் தலையாட்டினார். மேற்பார்வையாளரின் மனைவி தரையைப் பார்த்தபடி நின்றாள்.

இந்த வகுப்பே மேற்பார்வையாளருக்கு அரை மனதுதான். மனைவிக்கு மூச்சிளைப்பு. பக்கத்துத் தெரு டாக்டரம்மா, மாத்திரை மட்டும் போதாது, ஊதுகிற வாத்தியம் ஏதாவது பழகினால் நுரையீரலுக்கு நல்லது என்று சொல்லி, டீச்சரையும் அவரே அனுப்பிவைத்தார். மனைவியை வெளியே அனுப்பும் பேச்சுக்கே அந்த வீட்டில் இடமில்லை. அவள் பார்த்துவந்த மருந்துக்கடை வேலையைக் கல்யாணமான மறுவாரமே நிறுத்தியவர் அவர். அவளுடைய கைப்பேசிகூட அவர் சட்டைப்பையில்தான் இருக்கும். வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுப்பவர், அதுவும் ஐம்பது வயதைத் தாண்டிய பெண் என்பதால்தான் சம்மதித்தார். வாத்தியம் மட்டும் வாங்கித்தர மாட்டேன் என்றார். தன்னுடையதையே எடுத்து வருவதாக டீச்சர் சொன்னார்.

சனிக்கிழமைதோறும் நாலு மணியிலிருந்து ஐந்து மணிவரை பின்பக்க அறையில் வகுப்பு. ஹாலில் டிவி பார்ப்பவருக்குக் காது கிழிந்துவிடக் கூடாதே என்று கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

முதல் மாதம், தொண்டை கட்டிய கன்றுக்குட்டி கத்துவதுபோல் இருந்தது. இடையிடையே டீச்சரின் குரல் கேட்கும்.

"கன்னத்தை உப்பாதேம்மா. காத்து வயித்துலேருந்து வரணும். எங்கே, மறுபடி."

மறுபடியும் கன்றுக்குட்டி. மேற்பார்வையாளர் டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டுத் தனக்குள் சிரித்துக்கொள்வார்.

வகுப்பு முடிந்து மனைவி வெளியே வரும்போது முகமெல்லாம் வேர்த்து, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும். ஒரு பீப்பீ ஊதுவதற்கு இந்தப் பாடா, மலை ஏறி வந்தவள் மாதிரி நிற்கிறாயே என்று கேலி செய்வார். அவள் நேராகச் சமையலறைக்குள் போய்விடுவாள்.

மூன்றாம் மாதம் ஸ்வரங்கள் பிசிறில்லாமல் வரத் தொடங்கின. நாலாம் மாதம் ஒரு தாலாட்டின் முதல் இரண்டு வரிகள் வந்தன. மூன்றாவது வரியில் ஏறும் இடத்தில் வாரா வாரம் தடுக்கியது. தன்னை அறியாமலே அவர் டிவியை நிறுத்திவிட்டுக் கேட்க ஆரம்பித்தார். அந்த இடம் நெருங்கும்போது அவர் கை நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கிடங்கில் இருப்பவர்களிடம் என் வீட்டுக்காரி சாக்ஸபோன் வாசிப்பாள் என்று அளக்கவும் செய்தார். வீட்டில் மட்டும் அதைப்பற்றி அவளிடம் வாயைத் திறக்கவில்லை.

ஆறாம் மாதம், ஒரு சனிக்கிழமை. மூன்றாவது வரி தடுக்காமல் ஏறியது. நாலாவது வரி வந்தது. பாட்டு முழுவதும் ஒரே மூச்சாக, யாரையோ மடியில் போட்டுத் தட்டிக்கொடுப்பதுபோல் நடந்து முடிந்தது.

இந்தப் பதினொரு வருஷத்தில் அவளை ஒரு தடவைகூடப் பாராட்டியதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அதட்டியிருக்கிறார். கை ஓங்கியிருக்கிறார், ஓங்கிய கையை அவள் மேல் இறக்கியும் இருக்கிறார். மன்னிப்புக் கேட்க நா எழாது. நல்லா இருந்தது என்றாவது சொல்லிவிடலாம் என்று எழுந்துபோய்க் கதவைத் திறந்தார்.

டீச்சர் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தோட்டத்துப் பக்கக் கதவு திறந்து கிடந்தது.

"எங்கே அவ?"

"நாலரை மணி ரயில்ல கிளம்பிட்டாங்க. வெளியூர்ல வேலை கிடைச்சிருக்கு. டாக்டரம்மாதான் கூடப் போய் ஏத்தி விட்டாங்க."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஐந்தாகப் பத்து நிமிஷம் இருந்தது. டாக்டருக்கு இதில் என்ன வேலை, எதற்காக என்று ஏதேதோ குழறினார். டாக்டரம்மா முதல் நாள் பார்த்தது இளைப்பை அல்ல, முதுகில் இருந்த தழும்புகளைத்தான் என்று டீச்சர் நிதானமாகச் சொன்னார்.

"பொய் சொல்றீங்க. நாலரைக்கு எப்படிப் போயிருப்பா? இப்போதானே வாசிச்சு முடிச்சா. முழுப் பாட்டையும் என் காதால கேட்டேன்."

டீச்சர் சாக்ஸபோனைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார்.

"உங்க மனைவி இதை ஒரு நாள்கூடத் தொட்டதில்லைங்க. வாரா வாரம் அந்த ஒரு மணி நேரமும் அவங்க டாக்டரம்மா கிளினிக்ல வேலை பழகிட்டு இருந்தாங்க. முதல் நாள்லேருந்து தப்பும் தவறுமா வாசிச்சது, திட்டினது, திருத்தினது எல்லாமே நான்தான்."