ராசியில்லாத மாப்பிள்ளை

கார் சாவி மார்லாவின் கையில் இருந்தது. குர்ட்டின் போனையும் பிடுங்கித் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். கார் மார்லாவின் அப்பா வீட்டு வாசலில்தான், வீட்டைப் பார்த்தபடி நின்றது. ஆனால் அவன் இறங்கக் கூடாது.

"ஒரே நிமிஷம் உள்ள போயிட்டு வந்துடறேன். பாத்ரூம்."

"அடக்கிக்க. எல்லாம் முடிஞ்சதும் அப்பாவே வந்து சொல்லுவார்."

"பன்னெண்டு வருஷம் குடும்பம் நடத்தினவன்கிட்ட இப்படியா நடந்துக்குவ?"

"பன்னெண்டு வருஷமா நீ பண்ண கூத்துக்குத்தான் இது."

குர்ட் செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான். கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டு சோபாவில் உட்கார்ந்து பேஸ்பால் பார்த்தான். பிளேஆஃப் என்கிற நாக்அவுட் ஆட்டம். அன்று ஊர் அணியான ஹெரன்ஸ் ஜெயிக்கிற மேட்ச்சைக் கடைசி இன்னிங்ஸில் கோட்டை விட்டது.

அணி பிளேஆஃபில் ஒரு சுற்று தாண்டி முப்பத்திரண்டு வருடமாகிறது. அதற்கெல்லாம் குர்ட்டா பொறுப்பு? ஆனாலும் மாப்பிள்ளைக்கு ராசியில்லை என்று மாமனார் ஜிக்மண்ட் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதிலிருந்து அணி பிளேஆஃபுக்கு வந்தால் குர்ட் காருக்கு வந்துவிட வேண்டும்.

அவன் காரில் இருந்தும் தோற்றார்கள். திருட்டுத்தனமாக ரேடியோ கேட்டிருப்பான் என்று அதற்கும் அவனையே திட்டினார்கள். அதனால் இந்த வருடம் மார்லாவே காவலுக்கு வந்துவிட்டாள்.

"ஆறு வயசுலேருந்து பிளேஆஃப்ல ஒரு பந்து விட்டதில்ல நான். உன்னால இங்க வந்து உக்காந்திருக்கேன். தெரியுமா?"

குர்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டு தன் பக்கத்து சைடு மிர்ரரையே பார்த்தான். கோபித்துக்கொண்டால் அவன் அப்படித்தான். மார்லா அவனைச் சமாதானம் செய்கிற நிலையில் இல்லை.

அக்டோபர் மாதத்து மூட்டமான பிற்பகல். தெருவில் ஒரு ஆள் கிடையாது. வீட்டின் திரைச்சீலைகளை அப்பா இழுத்து மூடியிருந்தார். திடீரென்று உள்ளே பெரிய சத்தம் கேட்டது.

"அது சந்தோஷமா, ஒப்பாரியா?" என்றாள் மார்லா.

"என்னைக் கேட்டா? நான்தான் ராசி கெட்டவனாச்சே."

கொஞ்ச நேரத்தில் மார்லாவின் தம்பி ஸ்டான் தட்டில் இரண்டு சாசேஜ் பன் கொண்டுவந்தான். முகத்தை வைத்து ஸ்கோரைக் கண்டுபிடித்துவிடப் போகிறார்கள் என்று தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டிருந்தான். வழி தெரியாமல் பூந்தொட்டியில் இடித்துக்கொண்டான்.

"டேய், ஸ்கோர் என்னடா?"

"சொல்ல மாட்டேன்க்கா. மச்சான் காதுல விழுந்துடும்."

"என் காதுல மட்டும் சொல்லு."

"அப்பா என்னையும் கார்ல உக்கார வெச்சிடுவார்," என்று தட்டை நீட்டிவிட்டு ஓடியே போனான்.

மார்லாவுக்கு அழுகை வந்தது. உள்ளே இருந்தாலும் அவளால் ஒன்றும் செய்ய முடியாதுதான், ஆனால் கண்ணால் பார்க்கவாவது செய்யலாம். இங்கே அதுவும் இல்லை. பன்னை ஒரு வாய் கடித்துவிட்டுத் தட்டிலேயே வைத்தாள்.

பிறகு வீடு அமைதியாகிவிட்டது. மார்லாவுக்கு அந்த அமைதி தெரியும். எதிரணி ஆட்கள் ரன்னுக்கு ஓடத் தயாராக பேஸில் நிற்கும்போது அவள் அப்பா மூச்சுக்கூட விட மாட்டார். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "மாதாவே, இந்தத் தடவை மட்டும்," என்று முணுமுணுத்தாள்.

பக்கத்தில் குர்ட் ஸ்டியரிங்கை ஓங்கி ஒரு குத்து குத்தினான். அதற்கப்புறம்தான் வீட்டுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது.

கதவு திறந்தது. அப்பா வெறும் சாக்ஸோடு புல்வெளியில் ஓடி வந்தார், பின்னாலேயே ஸ்டான். "ஜெயிச்சுட்டோம்க்கா, ஜெயிச்சுட்டோம்."

மார்லா சாவியோடு இறங்கி ஓடி அப்பாவைக் கட்டிக்கொண்டாள். முப்பத்தேழு வயதுக்காரி சின்னக் குழந்தை மாதிரித் தேம்பித் தேம்பி அழுதாள். ஜிக்மண்ட் அவளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, மருமகனை இழுத்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார்.

"மாப்ள, நீங்க தெய்வம். இன்னிக்கு ஒருநாள் ஒழுங்கா இருந்தீங்க பாருங்க, அதான் ஜெயிச்சோம்."

சந்தோஷத்தில் குர்ட்டுக்குத் தலைகால் புரியவில்லை. "என்ன கேட்ச் மாமா அது. சுவத்துல மோதி, விழுந்துகிட்டே பிடிச்சானே..." என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

குர்ட் சைடு மிர்ரரைக் காட்டினான். அதில் எதிர்வீட்டு ஜன்னல் தெரிந்தது, ஜன்னலுக்குள் அவர்களுடைய பெரிய டிவி.

"மூணாவது இன்னிங்ஸ்லேருந்து பாத்துட்டேன் மாமா. எல்லாரும் இடம் வலம் மாறித்தான் ஓடினாங்க. இருந்தாலும் ஒரு பந்து விடல."

"அப்பா, இவன் பாத்துட்டான்ப்பா," என்றாள் மார்லா. "என் பக்கத்துலயே உக்காந்து பாத்திருக்கான்."

"ஆமா, பாத்திருக்கார்," என்றார் ஜிக்மண்ட் மெதுவாக. "பாத்தும் ஜெயிச்சிருக்கோம்."

ஸ்டான் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அக்காவைப் பார்த்தான். ஜிக்மண்ட் விரல்விட்டு வருஷங்களை எண்ணினார், பாதியில் நிறுத்தினார். பிறகு மகளின் கையிலிருந்த சாவியை மெல்ல வாங்கி மருமகனிடம் கொடுத்தார்.

"வியாழக்கிழமை அடுத்த சுற்று மேட்சுக்கு நீ கார்ல உக்காந்துக்கம்மா."