விரல் படாத பக்கம்

வேண்டாத கோப்புகளை அன்றன்றே அழித்துவிடப் பழகிக்கொண்டிருப்பவர், தையல்கடை அக்காவுக்குத் தான் செய்துகொடுத்த இணையதள முகப்பையும் சேர்த்து அழித்துவிட்டார். மாலையில் கடை திறப்பு. காலையில் திறந்த அந்தப் பக்கம் மனைவியின் கைபேசியில் மட்டும் இன்னும் நிற்கிறது. அவள் அதை இரு கைகளிலும் ஏந்தி, கணினி அருகே அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். அவர் அதைப் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்கிறார். "மூச்சாவது விடலாமா?" "விடு. விரல் மட்டும் படக்கூடாது. லேசா இழுபட்டாலே பக்கம் புதுசா ஏறிடும், எல்லாம் போச்சு." "குப்பையைக் கூட்டச் சொன்னா வீட்டையே கூட்டித் தள்ளிட்டீங்க." அவர் சிரிக்கவில்லை. இன்னும் பாதிப் பக்கம் பாக்கி. திரை மங்குகிறது. தொடாவிட்டால் அணைந்துவிடும்; மறுபடி திறந்தால் பக்கம் புதிதாக ஏறிவிடும். அவளுடைய கட்டைவிரல் கண்ணாடிக்கு மயிரிழை மேலே நிற்கிறது. "தொடவா?" விசைப்பலகையின் மேல் அவருடைய விரல்களும் அப்படியே நின்றுவிட்டன.