ஜி மைனர் ஆசாமி

மத்தியானம் மூன்று மணி. மனைவி இன்றும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சொந்த வீட்டிலேயே திருடனைப் போல் அடிமேல் அடி வைத்து வந்தார் பியானோ மாஸ்டர்.

உள்ளே ஓர் ஆண் தொண்டையைச் செருமினான். கட்டைக் குரல்! மாஸ்டர் கதவில் காதை ஒட்டவைத்தார்.

அடுத்த நொடி பியானோ ஒலித்தது. அட, டேப் ரிக்கார்டர்தானா! மூச்சு வந்தது. ஆனால் அந்த நிம்மதி நாலு சுரத்துக்குக்கூடத் தாங்கவில்லை.

அவர் மேடை மேடையாக வாசித்துக் கைதட்டல் வாங்கிய அதே பழைய மெட்டு. மாஸ்டர் அதை ஏ மைனர் சுருதியில், நாலே நிமிடத்தில் பொரிந்து தள்ளிவிடுவார். இந்த ஆசாமியோ ஒரு படி கீழே இறக்கி, ஜி மைனரில், ஆற அமர நாலரை நிமிடம் வாசித்தான். ஒவ்வொரு சுரமும் கிளம்ப மனமில்லாத விருந்தாளி மாதிரி வாசலில் நின்று நின்று போயிற்று.

'பெரிய கைகாரனாக இருப்பான் போலிருக்கே!'

சாவித் துவாரத்தில் கண்ணை வைத்தார். மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, கன்னத்தில் கை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். கண் கலங்கியிருந்தது. கடைசி சுரம் ஓய்ந்ததும் டக்கென்று டேப்பை நிறுத்தினாள்.

பத்தொன்பது வருடத்தில் மாஸ்டரின் வாசிப்புக்கு அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை.

மாலையில் அதே மெட்டை அவள் காதுபட வாசித்துக் காட்டினார். வேகம் இம்மியும் குறையவில்லை.

"எப்படி?"

"நல்லா இருக்கு. கை வலிக்கலையா?"

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. மகளைத் தனியே கூப்பிட்டார். "அம்மா ரூம்ல ஓடுதே, அது யாரோட கேசட்டும்மா?"

"எனக்கென்னப்பா தெரியும்? அந்த ஓட்டை டேப் பக்கமே நான் போறதில்ல. ஒரே ஒரு தடவை என் நாடக வசன கேசட்டை அதுல போட்டுக் கேட்டேன். ராணி ராட்சசி மாதிரி பேசறா!"

மாஸ்டர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. அவர் காதில்தான் ஜி மைனர் ஓடிக்கொண்டிருந்ததே!

சாப்பாட்டை வழக்கம்போல் நாலு நிமிடத்தில் முடித்துக் கை கழுவியவர், வழக்கத்துக்கு மாறாக அங்கேயே நின்றார். மனைவியின் தட்டில் இன்னும் பாதி இருந்தது.

"மத்தியானம் ஒருத்தன் வாசிக்கிறானே, யாரு அவன்?"

அவள் நிமிரவில்லை. "ஒட்டுக் கேட்டாச்சா? கல்யாணத்துக்கு முன்னாடியே தெரிஞ்சவரு."

"ஓஹோ! இப்ப எங்க இருக்காராம் துரை?"

"எங்கயாவது அவசரமா ஓடிக்கிட்டிருப்பாரு."

"இன்னும் பிடிக்குமாக்கும்?"

"இப்பத்தான் ரொம்பப் பிடிக்குது."

எரிகிற நெருப்பில் எண்ணெய்! மாஸ்டருக்கு அன்றிரவு பொட்டுத் தூக்கமில்லை. மறுநாள் காலை கேசட்டை உருவிப் பையில் போட்டுக்கொண்டு இசைப் பள்ளிக்குப் போனார். ஆள் யாரென்று கண்டுபிடிப்பது. 'அவனா, நானா' என்று அவளிடம் ஒரு முடிவு கேட்டுவிடுவது. அதுதான் திட்டம்.

பள்ளியின் புது டேப்பில் கேசட்டைப் போட்டார். முதலில் அந்தச் செருமல். ஆனால் கட்டைக் குரலைக் காணோம். பிறகு மெட்டு. ஏ மைனர்! கடிகாரத்தைப் பார்த்தார். நாலே நிமிடம். கடைசி சுரத்துக்குப் பிறகும் நாடா ஓட, ஓர் இளைஞன் கேட்டான்:

"யாருங்க அது ஜன்னல்கிட்ட? கேக்கறதுன்னா உள்ள வந்து கேளுங்க."

மாஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளிடம் அவர் முதன்முதலாகப் பேசிய வார்த்தைகள்! வெளியே நின்று கேட்டது மட்டுமில்லை, பதிவும் செய்திருக்கிறாள், கள்ளி!

ஒரு ஸ்க்ரூ டிரைவரும் புது ரப்பர் பெல்ட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் பறந்தார்.

"அசடு, அது நான்தான்! உன் டேப்ல பெல்ட் தொய்ஞ்சு போச்சு. மெதுவா சுத்தறதால வேகமும் குறைஞ்சிடுச்சு, சுருதியும் எறங்கிடுச்சு. நானே ஏமாந்துட்டேன்னா பாரேன்! நகரு, ரெண்டு நிமிஷத்துல புதுசு மாட்டிடறேன்."

"நீங்கதான்னு எனக்குத் தெரியாதா? ஆறு மாசமா பெல்ட் தொய்ஞ்சிருக்கறதும் தெரியும்."

"அப்ப ஏன் மாத்தல?"

அவள் டேப்பை இழுத்து மடியில் வைத்து இறுக்கிக்கொண்டாள்.

"மாத்தினா அவரு போயிடுவாரு. நீங்க வந்துடுவீங்க!"