கரையாத மாத்திரை

“என் கையைக் கட்டியாச்சு இல்ல? இனி தள்ளுங்க” என்றார் இன்ஜினியர்.

தையல்காரர் தயங்கினார். மாதம் பிறந்தால் சம்பளம் கொடுக்கிற மனுஷனைக் கையைக் கட்டித் தண்ணீரில் தள்ள யாருக்குத்தான் மனசு வரும்? கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு தள்ளு தள்ளினார்.

தொட்டிக்குள் தலைகுப்புற விழுந்தவர் அப்படியே மூழ்கிப் போனார். மறுகணம் ‘புஸ்’ என்று ஒரு சத்தம். அவர் மாட்டியிருந்த சட்டை கழுத்தைச் சுற்றி உப்பி, அவரை மல்லாக்கப் புரட்டிப் போட்டு, முகத்தைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக் கொடுத்தது.

“பாத்தீங்களா? நான் ஒரு விரலையாவது அசைச்சேனா?” மூச்சிரைக்கக் கேட்டார்.

“இல்லவே இல்ல சார்.”

“அப்ப எங்க அண்ணனுக்கு மட்டும் ஏன் விரியல?”

தையல்காரர் கைக்கட்டை அவிழ்த்துவிட்டார்.

அந்த மிதவைச் சட்டையை வடிவமைத்தது இன்ஜினியர்தான். உள்ளே பொத்தான் அளவுக்கு ஒரு மாத்திரை. தண்ணீர் பட்டதும் அது கரையும், அது பிடித்து வைத்திருந்த ஸ்பிரிங் விடுபட்டு ஊசியைக் குத்தும், குட்டி சிலிண்டரிலிருந்து காற்று பாய்ந்து சட்டை உப்பும். நினைவு தப்பியவன்கூட மிதக்க வேண்டும் என்று வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு செய்தது. எவனாவது காப்பியடித்துவிடுவான் என்ற பயத்தில், உள்ளே இருக்கும் சூட்சுமத்தை மட்டும் வீட்டு மனிதர்களிடம்கூட அவர் வாய் திறந்து சொன்னதில்லை.

முதல் சட்டையை மீட்புப் படகு ஓட்டும் அண்ணனுக்குத்தான் கொண்டுபோய்க் கொடுத்தார். போன மாதம் வெள்ளத்தில் அந்தப் படகு கவிழ்ந்தது. மிதந்து வந்த கட்டை ஒன்று தலையில் மோத, அண்ணன் நினைவு தப்பிச் சட்டையோடு ஆற்றுக்குள் போனார். சட்டை விரியவில்லை.

“உங்க சட்டையை நம்பித்தானே தம்பி போனாரு” என்று சாவு வீட்டில் எல்லார் முன்னாலும் அண்ணி கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகு கொழுந்தனை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மீட்புக் குழுவும் சட்டை வாங்குவதை நிறுத்திவிட்டது. தொழில் போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். அண்ணனைக் கொன்றது நான்தானா என்ற கேள்வியை என்ன செய்வது? அது அவரைச் சாப்பிட விடவில்லை.

சொட்டச் சொட்ட வெளியே வந்தவர், தொட்டியோரம் அடுக்கி வைத்திருந்த புதுச் சட்டைகளைப் பார்த்து எரிந்து விழுந்தார்.

“இங்கயா கொண்டாந்து வெப்பீங்க? அதுல ஈரம் படக் கூடாதுன்னு நானும் வாய் வலிக்கச் சொல்றேன், யார் காதுலயாவது ஏறுதா?”

“தண்ணிக்குன்னே செஞ்ச சட்டை, தண்ணி படக் கூடாதாம்” என்று முணுமுணுத்தபடி தையல்காரர் அவற்றை அள்ளிக்கொண்டு போனார்.

பட்டறையில் சோதித்த சட்டைகள் எல்லாம் ஒழுங்காக விரிந்துவிட்டன. இனி அவர் பார்க்க வேண்டியது அண்ணன் போட்டிருந்தது மட்டும்தான். அதை அண்ணி யாரிடமும் கொடுக்காமல் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தாள். தலையைத் துவட்டிக்கொண்டு நேரே அங்கே போனார்.

அண்ணியின் வீட்டில் எல்லாவற்றுக்கும் உறை உண்டு. டிவி ரிமோட்டுக்கு ஒரு பாலிதீன் கவர், போனுக்கு ஒன்று, வாங்கிய நாளிலிருந்து பிரிக்காத உறையோடு சோபா. ‘அசந்தா என்னையும் ஒரு கவர்ல போட்டு வெச்சுடுவா’ என்று அண்ணன் கேலி செய்வார்.

“எதுக்கு வந்தீங்க?” அண்ணி உட்காரக்கூடச் சொல்லவில்லை.

“அந்தச் சட்டையை ஒரே ஒரு தடவை பாத்துக்கிறேன் அண்ணி. தப்பு என்னோடதுன்னா எல்லார் முன்னாலயும் நானே ஒத்துக்கிறேன். இந்தத் தொழிலையே விட்டுடறேன்.”

அவள் பீரோவைத் திறந்து, மடித்து வைத்திருந்த சட்டையை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தாள்.

உள்மடிப்பைப் பிரித்தார் இன்ஜினியர். மாத்திரை கரையவே இல்லை. அது இருந்த இடத்தைச் சுற்றிப் பல சுற்றுப் பாலிதீன், அதன்மேல் ரப்பர் பேண்ட், அதற்கும் மேலே டேப். ஆறே புரண்டு வந்தாலும் உள்ளே போக வழியில்லை.

நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் சட்டென்று இறங்கியது. தப்பு அவருடையது இல்லை. அந்த நிம்மதிக்குப் பின்னாலேயே கோபம் வந்தது.

“இதை யாரு சுத்தினது?”

“நான்தான்.”

“எப்போ?”

“நீங்க கொண்டாந்து குடுத்தீங்களே, அன்னைக்கே.”

கொலைகாரி என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. இத்தனை நாள் தான் சுமந்ததை அவள் தலையில் இறக்கி வைக்க அந்த ஒரு வார்த்தை போதும். சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தார்.

அண்ணி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. டேப்பைக் கிழித்து, ரப்பர் பேண்டை அவிழ்த்து, பாலிதீனை நிதானமாகப் பிரித்தாள். மாத்திரையை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். அவள் கண் கலங்கியது.

“இந்த இடத்தைக் காட்டிப் படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போனீங்களே தம்பி,” என்றாள். “ஒரு சொட்டு ஈரம் படல, பாருங்க.”