மதகுக் கதவும் மூன்று தட்டும்

காட்டு ஏரியின் மதகுக் கதவு ரொம்பக் கண்டிப்பானது. ஒரு காலத்தில் மரம் வெட்டுகிறவர்கள் கட்டைகளை அந்த ஏரியில் மிதக்கவிடுவார்கள். மேஸ்திரி கோடாரிக் காம்பால் மூன்று முறை தட்டியதும் கதவு திறக்கும். பாயும் தண்ணீர் கட்டைகளை அடிவாரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். கட்டை ஏற்ற லாரி வந்தபிறகு மேஸ்திரி வரவே இல்லை.

அந்த ஐப்பசியில் ஏரி தளும்பியது.

"கரை உடையப்போகுது, திற! என் குட்டிங்க வளைக்குள்ள இருக்கு!" என்று கதறியது நீர்நாய்.

"மேஸ்திரி தட்டட்டும்," என்றது கதவு.

"அவர் போய் நாற்பது வருஷமாச்சு!"

"இருக்கட்டுமே. தட்டாம திறந்துச்சுன்னு எனக்குப் பேர் வரக்கூடாது."

மேஸ்திரி காலத்தில் விடுபட்டுச் சேற்றில் கிடந்த ஒரு கட்டை, பெருகிய நீரில் மேலே வந்திருந்தது. கதவிடம் பேசிப் பயனில்லை என்று அதற்குப் புரிந்தது. அலையோடு பின்வாங்கி வந்து கதவில் மோதியது. மறுபடியும் மோதியதில் தலை பிளந்தது. மூன்றாவது முறை மோதியபோது பாதி உடம்பு சிதறியது.

கதவு சட்டென்று திறந்தது. மிச்சக் கட்டையை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது.

ஏரி வடிந்தபின், குட்டிகளை நக்கிக்கொண்டிருந்த நீர்நாயிடம் கதவு பெருமையாகச் சொன்னது:

"பார்த்தியா? மேஸ்திரி என்னை மறக்கல."