பதினோராவது புழு

செல்லுக்குள் அயனிகள் போய்வரும் வாசலை அமைக்கிற மரபணு பழுதானால், உருளைப்புழு நீளாமல் குட்டையாகத் தடித்துவிடும். அந்தக் குட்டைகளைத் தட்டுக்குப் பத்தாக எடுத்து வைத்து அளப்பதுதான் ஆய்வகத்தில் என் வேலை. தட்டு மாறும்போதெல்லாம் புழு எடுக்கும் கம்பியை நெருப்பில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வேறு தட்டின் நல்ல புழு ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

போன வருடம் ஒருநாள் நான் காட்டவில்லை. குட்டைகளுக்கு நடுவே நெட்டையாக ஒன்று புகுந்து, மூன்று மாத அளவுகள் பாழாயின. கூட வேலை பார்த்த பெண்ணின் தலையில் பழியைப் போட்டேன். அவளை அனுப்பிவிட்டார்கள். ஆறே மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டாள்.

அதிலிருந்து, கம்பியை மூன்று முறை சுட்டுப் பத்து வைத்தாலும், மதியம் எண்ணினால் பதினொன்று. பதினோராவது எப்போதும் நெட்டை.

நேற்று இயக்குநரிடம் போய் நின்றேன்.

“சார், அன்னைக்குக் கம்பியைச் சுடாம விட்டது நான்தான்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “என்னம்மா சொல்றீங்க? அந்தப் பொண்ணு, ‘சுடாம விட்டது நான்தான்’னு எழுதியே குடுத்தாளே. ‘அக்காவை ஒண்ணும் கேக்காதீங்க சார், ரெண்டு பிள்ளைங்களை வச்சுக்கிட்டுத் தனியா அல்லாடுறாங்க’ன்னு வேற சொன்னா.”

இன்று காலை ஒரு புழுவும் வைக்காமல் வெறும் தட்டை மூடி வைத்தேன். மதியம் திறந்தேன். நடுவில் ஒன்று, நீளமாக, அசையாமல் கிடந்தது.

மூடியில் எண்ணிக்கை எழுதும் இடத்தில் அவள் பெயரை எழுதினேன்.